மூச்சை எண்ணியவர்

டிசம்பர் பிறந்தால் நீலகிரியின் துணை சுகாதார நிலையங்களில் காலையிலேயே பெஞ்சு நிரம்பிவிடும். இரவில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகியிருக்கும். குல்லா மாட்டிய குழந்தைகள், கம்பளி போர்த்திய பாட்டிகள், வேலைக்குப் போகும் வழியில் ஒரு மாத்திரை வாங்கிப் போக வந்த பெண்கள் என்று வரிசை வாசல்வரை நீளும். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மூக்கு ஒழுகுது, இருமுது, உடம்பு சுடுது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடைப்பட்ட எஸ்டேட் பகுதியில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், ஊரார் 'நர்ஸம்மா' என்று மட்டுமே அழைத்த ஒருவர். இந்த வரிசையை மூன்றாகப் பிரிப்பதுதான் அவருடைய பனிக்கால வேலை. யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை இரண்டு நாள் கழித்து வரச் சொல்லலாம், யாரை இப்போதே வண்டி ஏற்ற வேண்டும்.

எக்ஸ்ரே கிடையாது. ரத்தப் பரிசோதனை கிடையாது. தெர்மாமீட்டர், எடைத் தராசு, நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் ஆகியவைதான் அவர் கையில் இருந்தவை. அவற்றில் அவர் அதிகம் நம்பியது கடிகாரத்தை.

1990களின் தொடக்கத்தில் மூச்சு நோய்களுக்கான பயிற்சி தமிழ்நாட்டின் செவிலியர்களுக்குக் கொடுக்கப்பட்டது. குழந்தையின் மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதத்திலிருந்து ஒரு வயது நிரம்பும்வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து 5 வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. 2 மாதம் நிரம்பிய குழந்தைக்கு இருமலோடு வேக மூச்சு இருந்தால் நிமோனியா என்று கருதி மருந்தைத் தொடங்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால், அல்லது 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு வேக மூச்சு இருந்தால், மருத்துவமனை. இவ்வளவுதான் அன்றைய பாடம். யுனிசெஃப் கொடுத்த சிறிய டைமர் ஒன்றும் அப்போது புழக்கத்துக்கு வந்தது. ஒரு நிமிடம் முடிந்ததும் அது ஒலி எழுப்பும். கண்ணைக் குழந்தையின் வயிற்றிலிருந்து எடுக்காமல் எண்ணலாம்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்தபோது பெருமையாக இருந்தது என்கிறார். பாப்புவா நியூ கினியில் வேலை பார்த்த குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஷான், எக்ஸ்ரே இல்லாத மலை ஊர்களில் நிமோனியாவை மூச்சின் வேகத்தை வைத்தே பிரித்தறியலாம் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர். அதைச் சோதித்துப் பார்த்து, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு 40 என்று வயதுக்கு ஏற்ற எல்லை பொருந்துவதைக் காட்டிய ஆய்வு நம்முடைய வேலூரில் நடந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் உள்ளிட்ட குழுவினர் அதை 1988இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். மார்பில் குழாய் வைத்துக் கேட்கத் தெரியாத ஒரு சுகாதாரப் பணியாளர்கூட, எண்ணத் தெரிந்தால் ஒரு குழந்தையைக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியதில் வேலூருக்குப் பங்குண்டு. இது தமிழ்நாட்டில் இன்னும் பலருக்குத் தெரியவேண்டிய செய்தி.

எண்ணுவது சுலபம் என்று தோன்றும். அழுகிற குழந்தையிடம் எண்ண முடியாது. பால் குடித்துக்கொண்டிருக்கும்போதும் கூடாது. நல்ல காய்ச்சலில் மூச்சு கொஞ்சம் கூடுதலாகத்தான் ஓடும், அதனால் பாராசிட்டமால் கொடுத்துச் சூடு தணிந்தபின் மறுபடி பார்க்க வேண்டும். கைக்குழந்தைகள் சில நொடி வேகமாக விட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். எனவே பதினைந்து நொடி பார்த்து நான்கால் பெருக்குவது உதவாது. நர்ஸம்மா குழந்தையைத் தன் மடிக்கு வாங்கமாட்டார். தாயின் மடியிலேயே விட்டு, நாலு அடி தள்ளி உட்கார்ந்து, ஊர்க்கதை பேசுவதுபோலப் பேசிக்கொண்டே வயிறு எழும்பித் தாழ்வதைப் பார்ப்பார். பனிக்காலத்தில் பெரிய தொல்லை உடுப்பு. ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை. எல்லாவற்றையும் தூக்கினால்தான் விலா தெரியும்.

ஒரு ஜனவரியில் லைன் வீடு ஒன்றுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வாழும் வரிசை அது. நாலு வயதுப் பையன் வீடே அதிர இருமிக்கொண்டிருந்தான். காய்ச்சலும் இருந்தது. ஆனால் வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருந்தான், கையில் பாதி தின்ற வர்க்கி. பாட்டியின் மடியில் அவன் தங்கை, ஏழு மாதக் குழந்தை, சத்தமில்லாமல் கிடந்தது.

"சின்னதோட சட்டையத் தூக்குங்கம்மா, பாப்போம்."

"அதுக்கு ஒன்னுமில்ல நர்ஸம்மா. சமத்தா தூங்குது. பெரியவனுக்குத்தான் இருமல்."

தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே போய்க்கொண்டிருந்தது. எண்ணிக்கை 60ஐத் தாண்டியது. காலையிலிருந்து பால் இழுக்கவில்லை என்பதைக் கேட்டபிறகுதான் தாய் சொன்னாள். அன்றே குன்னூர் அரசு லாலி மருத்துவமனைக்குப் போனார்கள். ஆக்சிஜன் வைத்து, சில நாளில் தேறி வந்தது. பெரியவனுக்கு வெந்நீரும் கஞ்சியும் போதுமாக இருந்தன.

இதைத்தான் அவர் வேலைக்காலம் முழுக்கத் தாய்மார்களிடம் சொல்லிவந்தார். சத்தமாக இருமுகிற பிள்ளையைவிடச் சோர்ந்து அடங்கிக் கிடக்கிற பிள்ளைதான் கவலைக்குரியது. இருமல் என்பது சளியை வெளியே தள்ள உடம்பு எடுக்கும் முயற்சி, அதற்குத் தெம்பு வேண்டும். பால் குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 108க்குக் கூப்பிட வேண்டியதுதான். அந்த வண்டி தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது 2008இல். அதற்கு முன்பு எஸ்டேட் ஜீப், அதுவும் இல்லாவிட்டால் கொழுந்து ஏற்றும் லாரி.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆர்எஸ்வி என்ற வைரஸ் இப்படிப் பிடிக்கும். முதல் இரண்டு நாள் சாதாரண மூக்கொழுகல்தான். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் நுண்ணிய மூச்சுக்குழல்கள் வீங்கி இளைப்பு அதிகமாகும். அதனால் 'முந்தாநாள் காட்டினோமே, சளிதான்னு சொன்னாங்களே' என்ற ஆறுதலில் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. முந்தாநாள் எண்ணிய மூச்சு இன்றைக்குச் செல்லாது.

பெரியவர்களின் சளியையும் ஃப்ளுவையும் பிரிப்பதற்கு அவர் கேட்ட முதல் கேள்வி, எப்போது ஆரம்பித்தது என்பது. சளி மெல்ல வரும். தொண்டை கரகரக்கும், தும்மல் வரும், மறுநாள் மூக்கு ஒழுகும். ஆள் முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போய்விடுவார். ஃப்ளு வந்தவருக்கு நேரம்கூட நினைவிருக்கும். காலையில் கூடையோடு மலையேறியவர் மதிய எடைக்கு முன்பே வரப்பில் உட்கார்ந்துவிட்டார் என்று மேஸ்திரி வந்து சொல்வார். எலும்பெல்லாம் வலி, தலைவலி, நடுக்கும் காய்ச்சல், மூக்கில் பெரிதாக ஒன்றும் இராது. சளி ஏழு முதல் பத்து நாளில் போகும். அதன் இருமல் இரண்டு வாரம்வரை நீண்டாலும் பயப்பட வேண்டியதில்லை. கோழை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதும் நோய் முற்றியதற்கு அடையாளம் அல்ல. ஆனால் அந்த நிறத்தைப் பார்த்ததும் கடைக்குப் போய் ஆன்டிபயாட்டிக் வாங்கி, மூன்று வேளை விழுங்கி, நான்காம் வேளை நிறுத்துவது மலையிலும் நடக்கிறது, சமவெளியிலும் நடக்கிறது. சளியும் ஃப்ளுவும் வைரஸால் வருபவை. அந்த மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை.

2009இல் பன்றிக்காய்ச்சல் என்ற பெயரோடு எச்1என்1 வந்தபோது மத்திய சுகாதாரத் துறை ஏ, பி, சி என்று மூன்று வகை வகுத்தது. ஏ என்றால் லேசான காய்ச்சலும் இருமலும். பரிசோதனை வேண்டாம், வீட்டில் ஓய்வு. பி என்றால் கடும் காய்ச்சல், அல்லது கர்ப்பிணி, முதியவர், சிறு குழந்தை, சர்க்கரை, இதயம், நுரையீரல் நோய் உள்ளவர். இவர்களுக்கு ஓசெல்டாமிவிர் மாத்திரை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்தம் கலந்த கோழை, நீலம் பாய்ந்த நகம், மயக்கம் இருந்தால் சி, உடனே மருத்துவமனை. அவர் அதிகம் அலைந்தது கர்ப்பிணிகளுக்காக. அந்த வைரஸ் கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கியது. அவர்களோ மாத்திரை என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுத்தார்கள். முதல் இரண்டு நாளுக்குள் விழுங்கினால்தான் அந்த மருந்துக்கு முழுப் பலன். அந்த 48 மணி நேரத்துக்குள் மாமியாரைச் சம்மதிக்க வைப்பது, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எல்லாம் அவர் பாடு.

மூச்சிலேயே சத்தம் வந்தால் அடுத்த கேள்வி, இழுக்கும்போதா விடும்போதா. விடும்போது விசில் போலக் கேட்டால் இளைப்பு. அது ஒவ்வொரு பனிக்கும் திரும்ப வந்தால், விடியற்காலை மூன்று மணிக்கு இருமி எழுப்பினால், வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால், பெரும்பாலும் ஆஸ்துமா. 'நெஞ்சுச்சளி' என்று சொல்லி ஆண்டுக்கு ஆறேழு தரம் சிரப் குடித்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ. இன்ஹேலர் என்றாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும். பழகிவிடும், கல்யாணத்துக்குத் தடையாகும், பெண்பிள்ளை வேறு. இழுக்கும் மருந்து நேரே மூச்சுக்குழலுக்குப் போவதால் மாத்திரையைவிடச் சின்ன அளவே போதும் என்பதை அவர் பாட்டிகளிடம்தான் முதலில் விளக்குவார். அந்த வீடுகளில் முடிவெடுப்பவர் பாட்டி.

உள்ளே இழுக்கும்போது கரகரவென்று ஒலித்து, இருமல் நாய் குரைப்பதுபோல் கேட்டால் குரல்வளை வீங்கியிருக்கிறது. நல்லபடியாகத் தூங்கிய குழந்தைக்கு நடுராத்திரியில் திடீரென்று வரும். தொண்டைக்குள் விரலோ கரண்டியோ விட்டுப் பார்க்கக் கூடாது. அழவிட்டால் அடைப்பு கூடும். அமைதியாக இருக்கும்போதும் அந்த ஒலி கேட்டால் ராத்திரி என்று பாராமல் கிளம்ப வேண்டும். மருத்துவமனையில் ஒரே வேளை ஸ்டீராய்டு பல குழந்தைகளைத் தேற்றிவிடும்.

சளியே இல்லாமல், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பட்டென்று இருமலும் இளைப்பும் வந்தால் அவர் கேட்பது: "என்ன தின்னுச்சு?" வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை. மூச்சுக்குழலில் மாட்டிய கடலைக்கு எந்த மருந்தும் இல்லை. அதை எடுக்கத்தான் வேண்டும்.

கக்குவான் இருமலை இப்போதைய இளம் மருத்துவர்களில் பலர் நேரில் பார்த்திருக்கமாட்டார்கள். மூச்சே விடாமல் தொடர்ந்து இருமி, முகம் சிவந்து, முடிவில் கூவலோடு காற்றை இழுத்து, வாந்தி எடுக்கும். சின்னஞ்சிறு குழந்தைக்குக் கூவல் வராது, மூச்சு நின்றுபோகும். அது அருகிப்போனதற்குக் காரணம் தடுப்பூசி. அந்த முத்தடுப்பூசியைத் தயாரித்த இடங்களில் ஒன்று, 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம். மலைக்கு மேலே தயாரான மருந்தை மலைச்சரிவின் வீடுகளுக்கு ஐஸ் பெட்டியில் சுமந்து போனவர்களில் அவரும் ஒருவர். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி வந்தது. அதில் ஹிப் கிருமிக்கான பாதுகாப்பும் சேர்ந்தது. 2021இல் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் அரசு அட்டவணையில் வந்தது. கடும் நிமோனியாவுக்குக் காரணமான இரண்டு முக்கியப் பாக்டீரியாக்களுக்கு இவை பாதுகாப்பு. அட்டையில் விட்டுப்போன கட்டம் இருந்தால் அந்தக் குழந்தையின் இருமலை அவர் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்.

வீட்டு வைத்தியத்தோடு அவர் சண்டை போட்டதில்லை. மிளகு ரசம், தூதுவளை, கற்பூரவல்லிச் சாறு, ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தேன், எல்லாம் தொண்டைக்கு இதம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பச்சைக் குழந்தையின் நரம்புகளை முடக்கும். மூன்று விஷயங்களில் மட்டும் அவர் குரல் உயரும். ஒன்று, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவே உண்டாக்கும். இரண்டு, நீலகிரித் தைலம். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டில் இருக்கும். கைக்குழந்தையின் மூக்கருகே தடவக் கூடாது. எட்டாத உயரத்தில் வைக்காவிட்டால் தவழும் பிள்ளை குடித்துவிடும், சிறிதளவு உள்ளே போனாலும் வலிப்பு வரலாம். மூன்று, குழந்தைக்கு ஆவி பிடிப்பது. சட்டி கவிழ்ந்து வெந்த காயத்துக்கு அவர் எத்தனையோ தரம் கட்டுப்போட்டிருக்கிறார். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

இருமல் சிரப்பைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் துயரம் இருக்கிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சாதாரண இருமலுக்குச் சிரப் குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் கலந்திருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. அந்த இறப்புகளை அடுத்து, 2 வயதுக்குள் இருமல், சளி சிரப் கொடுக்கவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவுறுத்தியது. அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் தானாகப் போகக்கூடிய இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர்கள். கேட்டதில் குற்றமில்லை. அந்தப் புட்டியைத் தயாரித்தவர்களும் அனுமதித்தவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

மலைக்குளிருக்கே உரிய ஒன்றையும் அவர் விடாமல் சொல்வார். ராத்திரி கதகதப்புக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பது. காலையில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு. ஆனால் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஃப்ளு என்று நினைத்து மறுபடி படுக்கக் கூடாது. அது கார்பன் மோனாக்சைடு. கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுக்க வேண்டும், பிறகு ஆம்புலன்ஸ். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி உறக்கத்திலேயே இறந்தவர்களின் செய்தி பத்திரிகையில் வந்திருக்கிறது.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வந்துவிட்டது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களில் கண்டறிந்த தத்துவத்தில் இயங்கும் கருவி அது. உதகை கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையில் 98 காட்டுபவருக்கு அங்கே 95 காட்டினால் அது நோயல்ல. குளிரில் விறைத்த விரலும், கறுக்கச் சிவந்த மருதாணியும் எண்ணைக் குறைத்துக் காட்டலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்க்கச் சொல்வார். அப்படியும் வழக்கமான எண்ணிலிருந்து இறங்கிக்கொண்டே போனால், ஆறு நிமிடம் நடந்தபின் மூச்சு வாங்கினால், எண் என்னவாக இருந்தாலும் கிளம்ப வேண்டும். 90க்குக் கீழே என்றால் பேச்சே இல்லை.

முதியவர்களுக்கு நிமோனியா காய்ச்சல் இல்லாமலும் வரும். இருமல்கூடப் பெரிதாக இராது. நேற்றுவரை தெளிவாகப் பேசிய தாத்தா இன்றைக்குப் பேரனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சாப்பிட மறுக்கிறார், மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தொடுகிறது. 'வயசாகிடுச்சு' என்று விட்டால் இரண்டு நாளில் கைமீறும். படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தணிந்து, காலும் வீங்கியிருந்தால் அது சளியே அல்ல, இதயம்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அவரிடம் இருந்தது ஒரே பதில்: கோழைப் பரிசோதனை. சாயந்திரம் மெல்லக் காய்ச்சல் அடிக்கும், எடை குறையும், ராத்திரி வியர்க்கும். பனிதான் காரணம் என்று ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு பல மாதம் கடத்துவார்கள். தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்த ஒருவர் தூசி இருமல் என்று சொல்லியே டிசம்பரையும் ஜனவரியையும் ஓட்டினார். "டப்பாவுல காலைல எழுந்ததும் முதல் கோழை, எச்சில் இல்ல அண்ணே" என்று சொல்லி, மறுநாள் வீட்டு வாசலில் நின்று வாங்கிப் போனார் நர்ஸம்மா. காசநோய் உறுதியானது. ஆறு மாத மாத்திரையை அவர் முழுதாக முடித்தார். மனைவிக்கும் மகளுக்கும் பரிசோதனை நடந்தது, நோய் இல்லை. வீட்டிலிருந்த மூன்று வயதுப் பேத்திக்கு ஆறு மாதத் தடுப்பு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அதை வாரந்தோறும் போய் எண்ணிப் பார்த்ததும் நர்ஸம்மாதான்.